ஸ்பீக்கரை நீக்கிய அக்கா

"எங்க குழுவுல இருந்து ஸ்பீக்கரை நீக்கறேன்."

அக்கா எழுந்து நின்று வகுப்பறைக்கே கேட்கும்படி சொன்னார்.

இன்ஜினீயர்களையும் சொந்தத் தொழில் செய்பவர்களையும் தலைவர்களாக்கும் பயிற்சி அது. கடைசி நாள் காலையில் ஒவ்வொரு குழுத் தலைவரும் தன் குழுவில் ஓர் ஆளை நீக்கியாக வேண்டும். 'கசப்பான முடிவு எடுக்கத் தெரியாதவர் தலைவரே இல்லை' என்பது பயிற்சியாளரின் கொள்கை.

நீக்கப்பட்டவருக்கும் சான்றிதழ் உண்டு. ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் பாதியில் தானாக எழுந்து போனால் கிடையாது.

அக்கா சிறியதாக ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி நடத்துபவர். ஸ்பீக்கர் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை எட்டும் குரல். அதனால்தான் அந்தப் பெயர்.

மதியம் இறுதிப் போட்டி. குழுவாகச் செய்த தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் வரும் குழுவின் தலைவருக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் ஆர்டர் கிடைக்கும். அக்காவின் குழுவில் மோட்டாரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் ஸ்பீக்கர்தான்.

"காரணம் சொல்லுங்கம்மா" என்றார் பயிற்சியாளர்.

"எப்பப் பார்த்தாலும் இவர் குரல்தான் கேக்குது சார். மத்தவங்க வாயைத் திறக்க முடியல."

ஸ்பீக்கரின் முகம் சுண்டிப்போனது.

"அக்கா, நான் பேசலைன்னா அந்த மோட்டார் ஒரு சுத்து சுத்தியிருக்குமா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க!"

"முடிவைச் சொல்லிட்டேன் தம்பி. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அதே குழுவில் இருந்த மருந்துக் கம்பெனிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே முணுமுணுத்தார்.

"வேலை செய்யறதுக்கு அவரு. பேர் வாங்கறதுக்கு இவங்க. நல்லா இருக்கு நியாயம்!"

"யோசிச்சுக்குங்கம்மா. இவர் போனா உங்க மோட்டார் ஓடாது" என்றார் பயிற்சியாளர்.

"ஓடாட்டிப் போகுது."

பயிற்சியாளர் பலகைப் பக்கம் திரும்பி, 'ஒரு தலைவரின் முதல் எதிரி பொறாமை' என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கர் விருட்டென்று வெளியேறினார். மாடிப்படி இறங்கும்போது பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். அக்காதான்.

"இன்னும் என்ன பாக்கி? எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தியாச்சே!"

"காலையில இதே படியில நின்னு வீட்டுக்காரம்மாகிட்ட ஃபோன்ல பேசுனீங்க. ரகசியமாப் பேசறதா உங்களுக்கு நினைப்பு. கீழ வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

ஸ்பீக்கர் பையைப் படியில் வைத்தார்.

"பாப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணிக் காதுல வெச்ச கருவியை இன்னிக்கு மத்தியானம் ஆன் பண்றாங்க, சான்றிதழ் இல்லைன்னா பதவி உயர்வு போயிடும், அதனால வர முடியாதுன்னு சொன்னீங்களே... இப்ப சான்றிதழ் எங்கயும் போகாது."

"அக்கா... அப்போ உங்க ஆர்டர்?"

"அதை நான் பார்த்துக்கறேன். வாசல்ல நான் வரச் சொன்ன வண்டி நிக்குது, ஓடுங்க தம்பி. பொறந்ததுல இருந்து எதையுமே கேக்காத குழந்தை. முதல்ல அப்பா குரலைக் கேக்கட்டும்!"