ஒரு பொட்டுக் கறை

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை, காலை பத்து மணி. அம்மா இனியும் தனியாக இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்ய, மகள் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான அம்மா கண்ணாடி அடுப்பின் முன் நின்றார். முந்தின நாள் மறதியில் பொங்கவிட்ட பால் அதில் கருகி ஒட்டியிருந்தது. சமையல் சோடாவைத் தூவி, வினிகரை ஊற்றி, ஈரத்துணியால் மூடி ஊறவைத்தார். பிறகு கை ஓயும்வரை தேய்த்தார். குப்பைக்கூடையையும் கொட்டிக் கழுவினார்.

மகள் வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்க் கண்ணாடியை விரலால் தடவினாள்.

"என்னம்மா, கடையில வாங்கினப்போ இருந்த மாதிரியே இருக்கு?"

"பின்னே? உன்னை மாதிரியா அடுப்பை வெச்சிருப்பேன்?"

மகள் சிரிக்கவில்லை, அவள் கண் கலங்கியது.

"அப்போ நீ சமைக்கிறதே இல்ல. குப்பைக்கூடைகூடக் காலி. பட்டினி கிடந்துட்டு என்கிட்ட மறைக்கிறே."

"ரெண்டு வேளையும் சமைக்கிறேன்டி!"

"எங்க, ஒரு பொட்டுக் கறை காட்டு பார்ப்போம்."

அடி கருகிய பால் பாத்திரம் அவர் ஒளித்துவைத்தபடியே கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைக் காட்டினாலும் இல்லம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவாயிற்று.