யார் துப்பியது?

அலுவலகக் கேமரா பதிவில் சத்தம் கிடையாது. பழைய ஊமைப் படம்தான். கணக்காளர் வழுக்கி விழுந்தார். அவர் கைத் தேநீர் மேலாளர் தலையில் கவிழ்ந்தது. மேலாளர் எட்டிப் பிடித்த அலமாரி இருவர்மேலும் சாய்ந்தது.

பதிவைப் பார்த்த முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு துப்புரவுப் பெண்ணிடம் திரும்பினார்.

“கீழ கிடந்தது தண்ணின்னா உன் வேலை போச்சு!”

“தண்ணி இல்லைங்க. யாரோ காறித் துப்பின சளி.”

“சீ! அவனெல்லாம் மனுஷனா? இன்னிக்கே வெளிய தள்றேன். படத்தைப் பின்னால ஓட்டுய்யா!”

ஓட்டினார்கள். கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்து, காறித் துப்பிவிட்டு, ஏப்பம் விட்டபடி போனவர் சாட்சாத் முதலாளி.

அவர் அவளை முறைத்தார்.

“நான் துப்புவேன்னு தெரியுமில்ல? துணியோட பின்னாலயே வர்றதுக்கென்ன? நாளையிலேருந்து வராதே!”