மூணு மணிக்கு அறுந்த நூல்

மதியம் மூணு மணியானால் தையல்காரி ரெஜினாவுக்குக் கண் சொருகும். தலை சாயும், கால் மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்.

"சோத்தை ஒரு பிடி பிடிச்சிருப்பா," என்றது கத்தரிக்கோல்.

"ராத்திரி தூங்கியிருக்க மாட்டா," என்றது மிஷின்.

நூல் மட்டும் ஜன்னலோரத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தது. காலையில் நிரப்பியது, இன்னும் மூடிகூடத் திறக்கவில்லை. அதற்குள் ரெஜினாவின் விரல் ஊசியை நெருங்கிவிட்டது. நூல் பட்டென்று தானே அறுந்துகொண்டது.

"சனியன் பிடிச்ச நூல்!" மிதிப்பதை நிறுத்திவிட்டு ரெஜினா எழுந்தாள். சோம்பல் முறித்தாள். பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு நூல் அறுந்தது. அதற்கடுத்த நாளும்.

"தினமும் எப்படித்தான் இந்தத் திட்டைத் தாங்குறியோ!" என்று வியந்தது கத்தரிக்கோல்.

"திட்டுறாளா? அவ தொண்டையில தண்ணி இறங்குற சத்தம்தான் எனக்குக் கேக்குது," என்றபடி நூல் மறுபடி ஊசிக்குள் நுழைந்தது.