தலை சாய்ந்த வசந்தம்

அண்ணிக்கு நடந்தது அநியாயம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும், கூடத்துக் கண்ணாடி அலமாரியிலிருக்கும் பீங்கான் பொம்மைகளைத் தொட அவளுக்கு மட்டும் அனுமதியில்லை.

மொத்தம் நாலு பொம்மை. பூக்கூடையோடு வசந்தம், கதிர் அறுக்கும் கோடை, திராட்சைக் குலையோடு இலையுதிர்காலம், போர்வைக்குள் நடுங்கும் கிழவனாகப் பனிக்காலம். நூறு வருஷத்துப் பழசு. அம்மா நர்ஸாக இருந்தபோது பெரிய டாக்டரம்மா ஓய்வு பெற்றுப் போகையில் கொடுத்தது.

வசந்தத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். "வெட்கப்படறா" என்று அப்பா விருந்தாளிகளுக்கு விளக்குவார்.

ஞாயிறுதோறும் ஆளுக்கொரு பொம்மையைத் துடைக்க வேண்டும். யாருக்கு எது என்பது அம்மாவின் உத்தரவு. அப்பாவுக்குக் கோடை, அண்ணனுக்கு இலையுதிர்காலம், சட்டம் படிக்கும் அவன் தங்கைக்கு வசந்தம், பனிக்காலக் கிழவன் அம்மாவுக்கு.

இந்த ஞாயிறு அண்ணியும் ஆசையாக ஒரு துணியோடு வந்து நின்றாள்.

"நீ தொடாதேம்மா" என்றாள் அம்மா.

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் இன்னும் வேத்து ஆள்தானா அத்தை?"

அம்மா கிழவனின் போர்வையைத் துடைக்க ஆரம்பித்தாள். வீட்டில் 'வக்கீலம்மா' என்று பெயரெடுத்த தங்கைக்கு ரத்தம் கொதித்தது.

"அம்மா, ஒரு கேள்வி."

"ஆரம்பிச்சிட்டா" என்றார் அப்பா, கோடையின் முதுகைத் துடைத்தபடி.

"பாத்திரம் கழுவ மட்டும் அண்ணி கை வேணும், பொம்மை துடைக்க வேணாமா?"

"வேணாம்."

"காரணம்?"

"வேணாம்னா வேணாம்."

"இதுக்குப் பேரு சர்வாதிகாரம்! உன் மாமியார் உன்னைப் படுத்தினதை நீ இவங்க மேல காட்டறே!"

"நான் வரும்போது எனக்கு மாமியாரே இல்லடி."

அண்ணன் களுக்கென்று சிரித்தான். வாதம் ஒரு படி சறுக்கியது. ஆனாலும் வக்கீலம்மா விடுகிற ஜாதியில்லை.

"சரி, என் உரிமையை நான் விட்டுக் கொடுக்கறேன். இனிமே வசந்தம் அண்ணிக்கு! அண்ணி, வாங்க, தைரியமாத் தூக்குங்க. கழுத்தை மட்டும் பிடிக்காதீங்க."

"ஏன்?" என்றாள் அம்மா. "கழுத்துக்கு என்ன?"

வக்கீலம்மா கையிலிருந்த வசந்தத்தின் கழுத்தை அவசரமாக உள்ளங்கையால் மறைத்தாள்.

"ஆறாம் கிளாஸ்ல திருட்டுத்தனமா ஒட்டி வச்சியே, அந்தக் கழுத்துதானே?"

அண்ணன் இன்னும் பலமாகச் சிரித்தான்.

"நீ என்னடா சிரிக்கிறே? திராட்சைக் குலை எங்கயாவது மேல பார்த்து நிக்குமா? பந்தால அடிச்சதுமில்லாம தலைகீழா வேற ஒட்டி வச்சிருக்கான்!"

அப்பா சத்தம் போடாமல் கோடையை அலமாரியில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தார்.

"நீங்க எங்க போறீங்க? கதிர் அறுக்கிறவ கையில அரிவாள் எங்கே?"

அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அண்ணி மெல்லக் கேட்டாள். "அப்ப அந்தக் கிழவர், அத்தை?"

"அது நான் கீழே போட்டது. அவங்கவங்க உடைச்சதை அவங்கவங்கதான் துடைக்கணும். நீதான் இன்னும் எதையும் உடைக்கலையே!"

வக்கீலம்மா கடைசியாக ஒரு முறை வாதாடிப் பார்த்தாள். "சரிம்மா, அதுக்காக அண்ணி தொடவே கூடாதா? தொட்டா என்ன ஆயிடும்?"

அம்மா வசந்தத்தை அவள் கையிலிருந்து பத்திரமாக வாங்கி உள்ளே வைத்துச் சாத்தினாள்.

"ஒட்டின தலை என்னிக்காவது ஒருநாள் கையோட வரத்தான் போகுது. அது இவ கையோட வந்தா, வந்தவ உடைச்சிட்டான்னு காலத்துக்கும் பேராயிடும். இத்தனை வருஷமா வாயைத் திறக்காத நீங்க மூணு பேரும் அன்னிக்கு மட்டும் திறந்துடுவீங்களாக்கும்?"