மை பூசிய இடங்கள்

காலமான இயற்பியலாளரின் ஆராய்ச்சித் தாள்களோடு, மனைவிக்கு எழுதிய கடிதங்களும் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டியிருந்தது. கடிதங்களில் தன் செல்லப்பெயர் வந்த இடங்களையெல்லாம் அந்த அம்மாள் பேனா மையால் அப்பி மறைத்துவிட்டாள். வெளியே தெரிந்தால் ஊரே சிரிக்கும் பெயர் அது.

"எல்லாமே பென்சில்ல எழுதியிருக்காரே?" என்றார் அவற்றை வாங்கிப் போக வந்த காப்பகக் காப்பாளர்.

"கஞ்சத்தனம், தம்பி. நான் வாங்கிக் குடுத்த பேனாவத் தொடவே இல்ல. 'மை மறைஞ்சிடும், பென்சில்தான் நிக்கும்'னு தத்துவம் பேசுவாரு."

சாப்பாட்டு மேசையில் கடிதத்தை விரித்து, காப்பாளர் ஒரு கேமராவை அதன்மேல் நிறுத்தினார்.

"இது என்னப்பா?"

"அகச்சிவப்புக் கேமரா. ஐயா அந்தக் காலத்துல ஆராய்ச்சிக்குன்னு ஒரு கேமரா செஞ்சாரே, அதோட பேத்தின்னு வச்சுக்குங்க. கண்ணுக்குத் தெரியாத ஒளியில படம் பிடிக்கும். அந்த ஒளிக்குப் பேனா மை வெறும் கண்ணாடி. பென்சில் மட்டும் பளிச்சுனு தெரியும்."

அம்மாள் அவசரமாகக் கிட்டே வந்தாள்.

"எதையாவது படிச்சுத் தொலைச்சிட்டியா, தம்பி?"

"சேச்சே, இல்லம்மா," என்றார் காப்பாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடிதப் பெட்டி மேல எந்தப் பேரு எழுதறது? உங்க பேரா, 'குட்டி அடுப்பு'ன்னா?"