நிமிர்ந்து உட்கார்ந்தவர்

"வலி ஏதாச்சும் இருக்கா, அங்கிள்?" என்று கேட்டார் பெர்னார்ட்.

"வலியா, எனக்கா?" சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி அருளானந்தம் சிரித்தார். "ஆண்டவர் கிருபையில கல்லு மாதிரி இருக்கேன்."

பக்கத்தில் நின்ற மகள் பிரிஜட் அவரை முறைத்துப் பார்த்தாள். வாய்க்கு எட்டப்போகும் நேரத்தில் அப்பாவே மண்ணள்ளிப் போடுகிறார்.

அவருக்கு முதுகுத் தசைகள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தன. நாற்காலியில் பக்கத் தாங்கிகளும் மார்புப் பெல்ட்டும் பொருத்தாவிட்டால், உடம்பு சாய்ந்து சாய்ந்து நுரையீரலை நசுக்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய தையல் வருமானத்தில் அதையெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பெர்னார்டின் தொண்டு சங்கம் பில்லைக் கட்டும். ஆனால் அதன் ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்த்து, மருத்துவத் தேவைதான் என்று எழுத வேண்டும். வெறும் சௌகரியம் என்றால் ஒரு காசு பெயராது.

தர்மக் காசு என்று தெரிந்தால் அப்பா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். அதனால், "தெரிஞ்சவங்க வர்றாங்கப்பா" என்று மட்டும் சொல்லிவைத்தாள். சங்கத்துக்காரர்களிடமும் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த பொதுத் தொலைபேசியில் கெஞ்சியிருந்தாள். சங்கத்தின் பேச்சையே எடுக்காதீர்கள், சும்மா பேசிக்கொண்டிருங்கள், சற்று நேரத்தில் அவரே சாய்ந்துவிடுவார் என்று.

அவரா சாய்ந்தார்? காலையிலேயே சவரம் செய்யச் சொன்னார். ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். இருபுறமும் அவள் செருகியிருந்த தலையணைகளை, "எடுத்துரு, அசிங்கமா இருக்கு" என்று எடுக்க வைத்தார்.

"நீங்க எந்தக் கோயில் பங்கும்மா?" என்று பெர்னார்டுடன் வந்திருந்த தாதி அல்போன்சம்மாளை விசாரித்தார்.

"சிராங்கூன் பக்கங்க."

"நல்லது, நல்லது."

"ராத்திரியில புரண்டு படுக்க யாராச்சும் ஒத்தாசை பண்ணணுமா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"யாரும் வேணாம்லா. இந்தப் பொண்ணு வீட்டுல இல்லாட்டியும் என்னை நானே பாத்துக்குவேன்."

பச்சைப் பொய். "அப்பா, உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் பிரிஜட்.

"நீ போய் காப்பி கொண்டா" என்று கண்ணாலேயே அதட்டினார். அவருடைய காலர் நனைந்திருந்தது. பிடோக் வட்டார வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

லிஃப்ட் வரை பிரிஜட் கூடவே போனாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் பெர்னார்ட். "இவ்வளவு நேரமா ஆடாம அசையாம உக்காந்திருக்காரு. பெல்ட்டும் தாங்கியும் அவசியம்னு நான் எப்படி எழுதுறது? சௌகரியம்னுதான் போடணும்."

"அவர் நடிக்கிறாருங்க."

"முடியும்னு யாரும்மா நடிப்பா? நாங்க பாத்தவங்க எல்லாம் முடியலன்னுதான் நடிப்பாங்க."

"இன்னொரு தடவை வந்து பாக்க முடியாதுங்களா?"

"அடுத்த வருஷம்தான்மா." லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அடுத்த வருஷம் வரை அப்பாவின் நுரையீரல் தாங்குமா என்று நினைத்தபோதுகூட மனசு மரத்துக் கிடந்தது. யார் வீட்டுக்கோ நடப்பதுபோல நடந்து திரும்பி வந்தாள்.

அப்பா நாற்காலியின் கைப்பிடிமேல் சரிந்து கிடந்தார். முகவாய் நெஞ்சில் புதைந்திருந்தது, மூச்சு விசில் அடித்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தலையணைகளை மறுபடியும் செருகினாள்.

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" உயிரில்லாத குரலில் கேட்டாள்.

அவர் இரண்டு முறை மூச்சு வாங்கினார். ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல சரின்னுட்டாங்களாம்மா?"