இன்னும் காயலை

"இன்னும் காயலைம்மா."

கலாவதி ஆன்ட்டி போனில் இதையேதான் மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். வான்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல் பாஸோ, டெக்சாஸின் பாலைவன ஊர். துவைத்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் அப்பளமாக விறைத்து நிற்கும். வான்மதியின் அப்பா சுப்பையன் இந்த ஊருக்கு வந்து அதிசயப்பட்டதே அது ஒன்றுக்குத்தான். இங்கே ஆன்ட்டி வரையும் ஒரு ஆயில் பெயின்ட் படம் காயவில்லையாம்!

அம்மா காலமானதும் வான்மதி அப்பாவைக் கோயமுத்தூரிலிருந்து அழைத்து வந்துவிட்டாள். அம்மாவின் சின்ன போட்டோ ஒன்றைக் கலாவதியிடம் கொடுத்து, பெரிதாக வரைந்து தரச் சொன்னாள். வருஷத் திதிக்கு ஹாலில் மாட்ட வேண்டும்.

"போட்டோவுல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இதை வெச்சு வரைஞ்சா அம்மா வர மாட்டாங்க. சனிக்கிழமை அப்பாவை அனுப்பு. அவர் சொல்லச் சொல்ல வரையறேன்" என்றாள் ஆன்ட்டி.

அன்று பிடித்தது இந்த அலைச்சல். வாராவாரம் அப்பாவை ட்ராப் பண்ணி, சாயங்காலம் பிக்கப் பண்ணி அலுத்துவிட்டது. டூரிஸ்ட்டுகள் வாங்குகிற மலைப் படங்கள் மட்டும் மளமளவென்று முடிந்துவிடுகின்றன. தெரிந்தவர்கள் வேலை என்றால் இளப்பம்தானே!

திதிக்கு நாலே நாள். வான்மதி காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் நின்றாள்.

"காயாட்டியும் பரவால்ல ஆன்ட்டி. அப்படியே எடுத்துட்டுப் போறேன்."

கராஜ்தான் ஆன்ட்டி வரைகிற இடம். மூலையில் துணி போர்த்தி நின்ற படத்தை வான்மதியே விலக்கினாள்.

அம்மா! முந்தானையில் கையைத் துடைத்தபடி, சிரிப்பு வரப்போகிற நேரத்தில் உதட்டை இடப்பக்கம் சுழித்துக்கொண்டு நின்றாள். போட்டோவில் இல்லாத சுழிப்பு. வான்மதிக்கே அது மறந்து போயிருந்தது.

தொட்டுப் பார்த்தாள். சுத்தமாகக் காய்ந்திருந்தது. கீழே ஆன்ட்டியின் கையெழுத்து, அதன் மேல் புழுதி.

"எப்பவோ முடிச்சுட்டீங்க! எதுக்கு ஆன்ட்டி பொய் சொன்னீங்க?"

கலாவதி பிரஷ்ஷைத் துடைத்தாள்.

"அந்த உதடு சரியா வந்த அன்னிக்கு உங்கப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம், 'இனி நான் வர வேண்டியதில்லீங்களா?'ன்னு கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துட்டு, 'காயட்டும், இன்னும் கொஞ்சம் டச் பண்ணணும், வாங்க'ன்னு சொல்லிட்டேன். வந்தா நாள் முழுக்க உங்கம்மா பேச்சுத்தான். வீட்ல அந்தப் பேச்சை எடுத்தா நீ வேற பேச்சுக்குப் போயிடறியாமே?"

அப்பா உடைந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் அப்படிச் செய்தாள். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. துணியை மறுபடி போர்த்திவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் அப்பா சோபாவில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"படத்தைக் கொண்டாந்துட்டயா கண்ணு?" குரல் இறங்கியிருந்தது.

"இல்லப்பா. இன்னும் காயலை. திதிக்கு அந்த போட்டோவையே வெச்சுக்கலாம். சனிக்கிழமை நீங்க வழக்கம்போலப் போங்க." பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏம்ப்பா, சிரிக்கறதுக்கு முன்னால அம்மா உதட்டைச் சுழிப்பாங்கல்ல?"

சுப்பையன் மகளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு, சற்று முன் போட்டு அதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்ட துண்டை எடுத்து நிதானமாக மடித்தார்.

"பின்னே? இந்த ஊர்ல எதுதான் கண்ணு சீக்கிரம் காயுது?"